பழைய எச்61 போர்டுக்கு சாட்டா எஸ்எஸ்டியா, என்விஎம்இயா?

வீட்டில் ஓடுவது எச்61 மதர்போர்டு, ஐ5-2400 பிராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம் உள்ள பழைய கம்ப்யூட்டர். ஆன் செய்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100% என்று நிற்கும், சிபியு பாட்டுக்குச் சும்மா கிடக்கும். அதாவது இழுப்பது ஹார்ட் டிஸ்க்தான். இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போடுவது வீண். எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஹெட் நகர்ந்து டேட்டா இருக்கும் இடத்தைப் பிடிக்க 10 மில்லி செகண்ட் பக்கம் ஆகும், விண்டோஸ் எழுந்திருப்பதற்குள் அது ஆயிரக்கணக்கான தடவை அலைய வேண்டும்.

ஆக, சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிதான் வழி. போட்டி, ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா கேபிளிலேயே மாட்டும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிக்கும், மதர்போர்டின் பிசிஐஇ ஸ்லாட்டில் அடாப்டர் கார்டு வழியாகச் செருகும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும்தான். நான் போட்டது சாட்டா. அட்டையில் இருக்கும் வேகத்தைப் பார்த்தால் என்விஎம்இ விநாடிக்கு 3500 எம்பி, சாட்டா 550. அதிலும் எச்61 சிப்செட்டில் இருப்பது சாட்டா 2 என்பதால் 270, 280-க்கு மேல் ஏறாது. இருந்தும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கும் இதற்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது, ஏனென்றால் நாம் காத்துக் கிடப்பது பெரிய ஃபைலுக்காக இல்லை, சின்னச் சின்ன ஃபைல்களுக்காக. மூவி எடிட்டிங் செய்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம், அது என் வேலை இல்லை.

என்னை முடிவு செய்ய வைத்தது பூட் விஷயம், அதாவது டிரைவிலிருந்து விண்டோஸ் எழுவது. ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு புரோகிராம்தான் பயாஸ், அந்தக் காலத்து பயாஸில் என்விஎம்இ டிரைவரே கிடையாது. விண்டோஸுக்குள் டிரைவ் தெரியும், ஆனால் அதிலிருந்து பூட் ஆகாது. பென்டிரைவில் க்ளோவர் என்ற பூட் சாஃப்ட்வேரைப் போட்டு அதன் வழியாகப் பூட் செய்யலாம், பலர் செய்கிறார்கள், நான் முயன்றதில்லை. ஆனால் அந்தப் பென்டிரைவ் எப்போதும் பின்னால் செருகியே இருக்க வேண்டும், வீட்டில் யாராவது பாட்டு காப்பி பண்ண உருவிக்கொண்டு போனால் அன்றைக்குக் கம்ப்யூட்டர் எழாது. அப்புறம் ஸ்லாட். எக்ஸ்16 என்ற பெரிய பிசிஐஇ ஸ்லாட்டில் கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்திருந்தால் மிச்சம் சின்ன எக்ஸ்1தான், பிசிஐஇ 2.0-இல் அதன் உச்சமே விநாடிக்கு 500 எம்பி. 3500-க்குக் காசு கொடுத்து 500-ஐ வாங்குவானேன்?

சாட்டாவில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பழைய டிஸ்க்கை அப்படியே க்ளோன் செய்து, பயாஸில் முதல் பூட் டிரைவாக வைத்தால் முடிந்தது. கேபினட்டில் பிராக்கெட் இல்லையென்றால் டபுள் சைடு டேப் போதும், உள்ளே சுற்றுகிற பாகம் எதுவும் இல்லையே. பழைய ஹார்ட் டிஸ்க் போட்டோக்களுக்கு இருக்கட்டும். ஒன்று மட்டும்: கேபினட்டைத் திறந்த கையோடு மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது செத்தால் பயாஸ் செட்டிங் அழிந்து, சில போர்டுகளில் சாட்டா இயங்கும் முறை ஏஎச்சிஐ போய் பழைய ஐடிஇ வந்துவிடும், விண்டோஸ் நீலத் திரை காட்டும், பழி எஸ்எஸ்டி மேல் விழும்.

நாளைக்குப் புது மெஷின் வாங்கும்போது அப்படியே மாற்றிக்கொள்ள என்விஎம்இதான் வசதி, அதை ஒத்துக்கொள்கிறேன். உங்களுடையது 2014-இல் வந்த இசட்97 மாதிரி போர்டு என்றால் பயாஸை அப்டேட் செய்து, என்விஎம்இ பூட் வருகிறதா என்று பார்த்துவிட்டு அதையே வாங்குங்கள்.