பூசாத படைகள்: பாதியில் எழுந்து போனாலும் எந்த முறை தாங்கும்?

ஆற்றில் தண்ணீர் இல்லை, கோட்டையில் ராஜா இல்லை என்று வேலூரைக் கேலி பேசும் பழைய பட்டியல் ஒன்று உண்டு. மினியேச்சர் பொம்மைகளை வைத்துப் போர் ஆடுகிற எங்களைப் போன்ற சிலருக்காக அதில் இன்னொன்றையும் சேர்க்கலாம்: அலமாரியில் படை இருக்கிறது, படைக்கு நிறம் இல்லை. 28 மி.மீ. அளவுள்ள பிளாஸ்டிக் சிப்பாய்கள். ஸ்புரு என்கிற வார்ப்புச் சட்டத்திலிருந்து வெட்டி ஒட்டியவர்கள் பாதி, இன்னும் சட்டத்திலேயே தொங்குபவர்கள் பாதி. எல்லாரும் ஒரே சாம்பல். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இதை 'பைல் ஆஃப் ஷேம்', அதாவது வெட்கக் குவியல், என்று சிரித்தபடி சொல்லிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. "இன்னாண்ணா, போன பொங்கலுக்குப் பாத்த மாரியே கீது?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறான்.

குவியலைக் கரைக்க நான்கு முறைகள் பேசப்படுகின்றன: அடுக்கடுக்காகப் பூசுவது, கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்ட், வார்னிஷ் முக்கல், காற்றழுத்தத்தில் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ். வேகம், அழகு என்ற இரண்டை வைத்துத்தான் வழக்கமாக இவற்றை எடைபோடுவார்கள். நான் வேறொன்றை முன்னால் வைக்கிறேன். வேலை நடுவில் எழுந்து போக நேர்ந்தால் பொம்மை என்ன ஆகும்? நமக்குக் கிடைப்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். அதிலும் கரண்ட் போகும், சொந்தக்காரர் வருவார், போன் அடிக்கும். அலமாரியை ஒருநாள் நிதானமாகப் பாருங்கள். பிரிக்காத டப்பாக்களைவிட, கோட்டு சிவந்து கால் சாம்பலாக நிற்பவனும், முகம் மட்டும் முடிந்து துப்பாக்கி முடியாதவனும்தான் அதிகம் இருப்பார்கள். குவியல் வளர்வது அங்கேதான்.

ஒப்பிடுவதற்கு நம்மூர்ச் சண்டை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1751 செப்டம்பரில் ராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியர்கள், 300 சிப்பாய்களோடு ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்தார். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிப் வெளியே சுமார் 10,000 பேரை நிறுத்தி முற்றுகையிட்டார். ஏறக்குறைய 50 நாள் இழுத்து, நவம்பர் நடுவில் நடந்த கடைசித் தாக்குதல் தோற்றுப்போனது. (2019-ல் மாவட்டம் பிரிந்தபோது ஆற்காடு ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. சண்டையை அதற்காக விட்டுக்கொடுக்க முடியாது.) பத்துப் பேருக்கு ஒரு பொம்மை என்று கணக்கு வைத்தால் உள்ளே 50, வெளியே 1,000. கிளைவ் பக்கம் எடுத்தவர் எந்த முறையில் பூசினாலும் பிழைத்துக்கொள்வார். ரஸா சாகிப் பக்கம் எடுத்தவருக்குத்தான் இந்த அலசல்.

அடுக்கடுக்காகப் பூசுவது

பெயின்ட் பிடிக்க பிரைமர், அதன்மேல் அடிநிறமாக பேஸ் கோட், பள்ளங்களில் நிழலுக்கு நீர்த்த வாஷ், மறுபடி பேஸ் நிறம், விளிம்புகளில் வெளிச்சத்துக்கு ஹைலைட். அழகில் இதை அடிக்க ஆள் இல்லை. நடுவில் நிறுத்துவதிலும் பார்வைக்குச் சிக்கல் ஒன்றும் தெரியாது. அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு எழுந்திருக்கலாம்.

சிக்கல் திரும்பி வந்து உட்காரும்போதுதான். சிவப்பில் துளி ஆரஞ்சு கலந்து நேற்று ஒரு ஹைலைட் எடுத்தீர்கள். இன்று அதே கலவை வராது. பத்துப் பேர் வரிசையில் நாலு பேர் தோள் ஒரு மாதிரி, ஆறு பேர் தோள் வேறு மாதிரி ஆகிவிடும். இதற்கு வெட் பேலட் என்று ஒரு வழி உண்டு. ஈர ஸ்பாஞ்சின் மேல் பேக்கிங் பேப்பரைப் பரப்பி, கலவையை அதில் வைத்து மூடினால் நாள்கணக்கில் காயாது என்பார்கள். குளிர்ந்த ஊர்க்காரர்கள் சொன்ன கணக்கு அது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் உட்கார்ந்து பாருங்கள். ஃபேனைப் போட்டால் பிரஷ் நுனியிலேயே பெயின்ட் காய்ந்து முள்ளாகிறது. ஃபேனை நிறுத்தினால் நெற்றி வியர்வை சிப்பாயின் தொப்பியில் சொட்டுகிறது. பெயின்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு துளி சேர்த்தால் கொஞ்சம் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

ஆயிரம் பேருக்கு இந்த முறை வேலைக்கு ஆகாது. ஆனால் இதை விட்டால் வழியில்லை என்கிற இடமும் நம்மூரிலேயே இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததை மேஜையில் ஆடுவதாக இருந்தால், அங்கே தலைப்பாகைதான் விஷயமே. தோல் பட்டம் வைத்த புது மாதிரித் தலைப்பாகையை அணியச் சொன்னதும், நெற்றிக் குறியை அழிக்கச் சொன்னதும், தாடியை மழிக்கச் சொன்னதும் சேர்ந்துதான் தீப்பிடித்தது. அந்தத் தலையைத் தனியாக கிரீன் ஸ்டஃப் புட்டியில் செதுக்கி ஒட்டியவர், ஒரு மில்லிமீட்டர் தோல் பட்டத்துக்கு இரண்டு அடுக்குப் பழுப்பு போடாமல் விட்டால் விளையாட்டுக்கே பொருள் இல்லை. எதிரே நிற்கிற 69-வது ரெஜிமென்ட் வெள்ளைக்காரர்களின் சிவப்புக் கோட்டில் பச்சைக் கழுத்துப்பட்டையும் அப்படித்தான், விளிம்பு சுத்தமாக வர வேண்டும். ஆள் குறைவு, உடை முக்கியம் என்றால் அடுக்குமுறை.

கான்ட்ராஸ்ட்

மினியேச்சர் பொம்மைக் கம்பெனியான கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019-ல் சிட்டடல் என்ற தன் பெயின்ட் வரிசையில் கான்ட்ராஸ்டைக் கொண்டுவந்தபோது குவியல்காரர்கள் எல்லாருக்கும் விடிவு பிறந்துவிட்டது போல் ஒரு பேச்சு. முழுப் பொய்யும் இல்லை. நிறமி அடர்த்தியாகவும் அது கலந்திருக்கும் திரவம் கண்ணாடி போலவும் இருப்பதால், மேடான இடத்திலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் வந்துவிடும். கறுப்பு பிரைமர் மேல் சாம்பலும் வெள்ளையும் டிரை பிரஷ் செய்துவிட்டு (துடைத்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தேய்த்துவிட்டு) அதன்மேல் இதைப் பூசுகிற 'ஸ்லாப் சாப்' முறையும் சேர்ந்த பிறகு, கை தேராதவர் பூசியதுகூட மேஜையில் பார்க்க எடுப்பாக நிற்கிறது. 2022-ல் டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் கம்பெனி இதே வகையில் ஸ்பீட்பெயின்ட்டை இறக்கியது. அந்த முதல் பதிப்பில் ஒரு குறை: காய்ந்த நிறத்தின் மேல் அடுத்த நிறம் பட்டால் கீழே இருப்பது மறுபடி கரைந்து கலந்துவிடும். 2023-ல் வந்த 2.0-வில் அதைச் சரிசெய்தார்கள். யாராவது பழைய பாட்டிலை மலிவாகத் தள்ளிவிட்டால் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

எழுந்து போகும் கணக்குக்கு வருவோம். இதற்கு இரண்டு முகம். கலவை என்ற பேச்சே இல்லாததால் நேற்றைய சிவப்பும் இன்றைய சிவப்பும் ஒன்று. கோட்டை முடித்துவிட்டு நாலு வாரம் கழித்து வந்து கால்சட்டையைத் தொடங்கலாம், ஒட்டுப்போட்டது தெரியாது. ஆனால் ஒரு பரப்பின் நடுவில் மட்டும் நிறுத்தக் கூடாது. கோட்டின் முதுகைப் பாதி பூசியிருக்கும்போது போன் வந்து எழுந்தீர்கள் என்றால், திரும்பி வரும்போது முதுகுக்குக் குறுக்கே வெள்ளம் வடிந்த சுவர் மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கும். மேலே இன்னொரு பூச்சு போட்டால் கோடு இன்னும் இருட்டாகும். மே மாதத்தில் போன் வராமலேயே இது நடக்கும், அதனால் வெயில் காலத்தில் அகலமான பரப்புகளை விடியற்காலைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கான்ட்ராஸ்ட் தன் முழுத் திறமையைக் காட்டுவது சுருக்கமும் மடிப்பும் உள்ள பொருளில்: முகம், தோல் பை, மரத் துப்பாக்கிக் கட்டை, குதிரை. எல்லாவற்றுக்கும் மேலே யானை. ஆற்காட்டில் கதவை உடைக்க நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை ஓட்டினார்கள், துப்பாக்கிச் சூட்டில் அவை மிரண்டு சொந்தப் படையையே மிதித்துக்கொண்டு திரும்பின. 1749 ஆம்பூர்ச் சண்டையில் நவாப் அன்வருதீன் யானை மேல் இருந்தபடியே சுடப்பட்டு இறந்தார். ஆக இந்தப் பக்கத்துச் சண்டை எதை எடுத்தாலும் யானை வேண்டும். வெளிர் சாம்பல் பிரைமர் மேல் ஒரே ஒரு கருஞ்சாம்பல் கான்ட்ராஸ்ட் போதும், துதிக்கையின் ஒவ்வொரு வளையமும் தனியாகத் தெரியும். அடுக்குமுறையில் இரண்டு வாரம் மல்லுக்கட்டினாலும் இந்தத் தோல் வராது.

சறுக்குவது வெள்ளையில். ரஸா சாகிபின் படையில் பெரும்பாலோர் உடுத்தியது வெள்ளைப் பருத்தி. வெள்ளைத் துணிக்கென்று விற்கும் கான்ட்ராஸ்ட் அகலமான அங்கியில் திட்டுத்திட்டாகப் படிந்து, துவைக்காத வேட்டியாகிவிடுகிறது.

வார்னிஷ் முக்கல்

இதைக் கேவலமாகப் பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. என்னைக் கேட்டால், ஆயிரம் பேர் வெள்ளை அங்கியில் நிற்கிற படைக்கு இதைவிட ஏற்ற முறை இல்லை.

வெளிர் எலும்பு நிறத்தில் ஸ்ப்ரே அடித்தால் அங்கி அங்கேயே முடிந்தது. தோல், தலைப்பாகை, இடுப்புக் கச்சை, துப்பாக்கி, வாள் என்று அஞ்சாறு நிறங்களை டப்பாவிலிருந்து அப்படியே தட்டையாகப் பூசுகிறோம். பிறகு பழுப்பு கலந்த பாலியூரித்தேன் வார்னிஷை முழுப் பொம்மைக்கும் போடுகிறோம். முக்கல் என்று பெயர் இருந்தாலும் இப்போது யாரும் முக்கி உதறுவதில்லை. அகலப் பிரஷ்ஷில் தடவி, தாடைக்குக் கீழும் கக்கத்திலும் தேங்குவதைக் காய்ந்த பிரஷ்ஷால் ஒற்றி எடுத்தால் போதும். ஆர்மி பெயின்டர் இதற்கென்றே குவிக்‌ஷேட் என்று டின்னில் விற்கிறது. கிடைக்காவிட்டால் மரச்சாமானுக்குப் போடும் வார்னிஷும் வால்நட் ஸ்டெயினும் நம்மூர் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். முதலில் ஒரு உடைந்த பொம்மையில் போட்டுப் பாருங்கள், ஸ்டெயின் கொஞ்சம் கூடினாலும் எல்லாரும் சேற்றில் விழுந்து எழுந்தவர்களாகிவிடுவார்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் பளபளவென்று நிற்கும், மேலே மேட் வார்னிஷ் அடித்தால் பளபளப்பு அடங்கும்.

எழுந்து போகலாமா? தட்டையாகப் பூசும் கட்டத்தில் எப்போது வேண்டுமானாலும். நிறம் கலக்கவில்லை, ஓரம் பிசகினாலும் பழுப்பு அதை மூடிவிடும். வார்னிஷ் போடும் ஒரு காலை மட்டும் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. அது கிடைத்துவிட்டால், ஒரு தடவைக்கு நாற்பது பேரை எடுத்தாலும், அத்தனை பேரும் அன்றைக்கே முடிந்தார்கள், பாதி முடிந்தவன் என்று ஒருவனும் மிஞ்சுவதில்லை. குவியலைக் குறைப்பதற்கு இது பெரிய விஷயம்.

குறைகளும் சொல்ல வேண்டும். தின்னர் நாற்றம் வீட்டுக்குள் தாங்காது, மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். மாடியில் தெருப்புழுதி, அதனால் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடி வைப்பது அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் பனி படர்ந்தது போல வெளுத்துவிடும். சித்திரை மதியத்தில் பிரைமர் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகப் போய் ஒட்டும். ஸ்ப்ரே வேலைக்கு மாசி, பங்குனிக் காலைகள்தான் நல்ல காலம். நாற்றமே வேண்டாம் என்பவர்கள் அக்ராக்ஸ் எர்த்‌ஷேட் மாதிரி நீர்வகை வாஷைப் போடலாம். சாயல் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் கை பட்டு உரியாமல் காக்கும் தடித்த பூச்சு அதில் இல்லை, ஆயிரம் பேருக்கு வாங்கிக் கட்டுப்படியும் ஆகாது.

ஏர்பிரஷ், மற்றவை

ஏர்பிரஷ் வாங்கினால் குவியல் தானாகக் கரையும் என்று நம்புகிறவர்கள் அதைக் கழுவிப் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் கிடைத்தால் எடுத்து வைக்கவும் கழுவவுமே அதில் பாதி போய்விடும், நடுவில் எழுந்தால் ஊசி முனை அடைத்துக்கொள்ளும். என் கணக்கில் இதற்குத்தான் கடைசி இடம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இது காப்பாற்றுகிறது. ஸ்ப்ரே டின் அபாயப் பொருள் என்பதால் விமான அஞ்சலில் வராது, அதனால் வெளிநாட்டுப் பிரைமர் டின்னை ஆசைப்பட்டாலும் தருவிப்பது கஷ்டம். வாலெஹோ போன்ற கம்பெனிகளின் பாட்டில் பிரைமர் வரும். அதை ஏர்பிரஷ்ஷில் ஒரே நாளில் மொத்தப் படைக்கும் அடித்துவிட்டு மிஷினை மூடி வைத்துவிடலாம். அந்தப் பிரைமரைச் சாதாரணப் பிரஷ்ஷாலும் பூசலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தரும் கம்பிரசரின் விலையைக் கேட்ட பிறகு அது ஞாபகத்துக்கு வரும்.

ஆற்காட்டுப் படையை என்னிடம் கொடுத்தால் வெள்ளை அங்கிக் காலாட்படை முழுக்க வார்னிஷ், யானைக்கும் குதிரைக்கும் கான்ட்ராஸ்ட், ரஸா சாகிபுக்கும் அவர் பக்கத்தில் நிற்கும் நாலு பேருக்கும் மட்டும் அடுக்குமுறை. மூன்றும் ஒரே மேஜையில் நிற்கும்போது மூன்றடி தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. மேட் வார்னிஷையும், பொம்மையின் அடித்தட்டில் ஒட்டும் மண்ணையும் எல்லாருக்கும் ஒன்றாக வைத்தால் போதும். பாலாற்று மணலைச் சலித்து ஒட்டினால் காசும் மிச்சம்.

28 மி.மீ.-ஐ விட்டு 6 மி.மீ.-க்கு மாறலாம் என்றும் சொல்வார்கள். ஆயிரம் பேர் ஒரு சாப்பாட்டுத் தட்டில் அடங்குவார்கள், முகம் பூச வேண்டாம், உண்மையிலேயே வேகம். ஆனால் பழைய குவியல் அப்படியே இருக்க, புதிதாக ஒன்று வந்து சேரும். காசு கொடுத்துப் பூசித் தரச் சொல்லலாம், இலங்கையில் இதைத் தொழிலாகவே செய்யும் பட்டறைகள் உண்டு. போக வரக் கூரியர், சுங்கம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் கிளைவின் ஐம்பது பேருக்கு வேண்டுமானால் சரிப்படும். விற்றுவிடுவதும் ஒரு வழிதான். அப்படியானால் ஸ்புருவில் இருக்கும்போதே விற்க வேண்டும், ஒட்டினால் விலை இறங்கும், அரைகுறையாகப் பூசினால் இன்னும் இறங்கும். எந்தப் பெட்டியை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிவிடுவது என்பதை மாசி மாதம் ஸ்ப்ரே டின்னோடு மாடி ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.