நைன்-பேட்ச் எடிட்டர்: மேலும் இடதும் சுலபம், வலதும் கீழும்தான் வம்பு

நைன்-பேட்ச் என்பது எந்தப் பகுதி நீளலாம் என்று ஓரக் கோடுகளால் குறித்து வைத்த பிஎன்ஜி படம். அதை உருவாக்கும் எடிட்டர், ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோடு சேர்ந்தே வருவதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. பிஎன்ஜி கோப்பில் ரைட் கிளிக் செய்து நைன்-பேட்ச் ஆக்கினால், படத்தைச் சுற்றி 1 பிக்சல் ஓரம் சேரும், பெயர் ‘.9.பிஎன்ஜி’ என்று முடியும். ஓரத்தில் இழுத்தால் கருப்புக் கோடு விழும், ஷிஃப்ட்டோடு இழுத்தால் அழியும். மேல், இடது கோடுகள் எந்த இடம் நீளலாம் என்பதற்கு. கீழ், வலது கோடுகள் எழுத்து உட்காரும் இடத்துக்கு.

நீட்டும் வேலையில் இந்தக் கருவியைக் குறை சொல்ல முடியாது. சாட் பபிளை எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரக் கோடு பபிளின் வால் இருக்கும் உயரத்தைத் தொட்டால், நீண்ட செய்தி வந்ததும் வாலும் சேர்ந்து இழுபடும். வாலுக்கு மேலே 2 பிக்சல் கோடு போதும். பக்கத்திலேயே உயரவாக்கில், அகலவாக்கில், இரண்டிலும் நீட்டிய மூன்று முன்னோட்டங்கள் தெரிவதால் தப்பு உடனே கண்ணில் படும். நீட்டினால் அசிங்கமாகக்கூடிய பகுதிகளைச் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டும் வசதியையும் ஆன் செய்து வைப்பது நல்லது.

வலதும் கீழும் காலியாக விட்டால்தான் தலைவலி. அப்போது நீளும் பகுதியே எழுத்துக்கான இடமாக எடுத்துக்கொள்ளப்படும். ஓரத்தைச் சேர்க்காமல் 48 பிக்சல் அகலப் படம், நட்ட நடுவில் 2 பிக்சல் கோடு என்றால் இருபுறமும் 23 பிக்சல் பேடிங், அதாவது எழுத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. எழுத்து நடுவில் நசுங்கி நிற்க, லேஅவுட்டில்தான் (திரை அமைப்பில்தான்) பிழை என்று ஆள் தேடிக்கொண்டிருப்பார். எடிட்டர் இதற்கு ஒரு எச்சரிக்கையும் தருவதில்லை. இதன் பெரிய குறை இதுதான். வலது, கீழ்க் கோடுகளை முழு நீளத்துக்கு இழுத்தால் பேடிங் பூஜ்யமாகும்; தேவையானதை லேஅவுட்டின் எக்ஸ்எம்எல் கோப்பில் கொடுக்கலாம். ஆனால் பேடிங் உள்ள படத்தை ஆப் ஓடும்போது நிரலிலிருந்து பின்னணியாக வைத்தால், எக்ஸ்எம்எல்லில் கொடுத்தது போய்விடும். பின்னணியை வைத்த பிறகு பேடிங்கை மறுபடி கொடுக்க வேண்டும்.

திரையில் கருப்புக் கோடு அப்படியே தெரிகிறதா? படம், கோப்புகளை அப்படியே ஆப்பில் சேர்க்கும் அசெட்ஸ் கோப்புறையில் இருக்கும், அல்லது சர்வரிலிருந்து நேராக வந்திருக்கும். அந்த ஓரத்தைப் படித்துக் கழற்றுவது, ஆப்பைத் தொகுக்கும் பில்ட் நேரத்தில் ஓடும் ஏஏபிடி என்ற கருவி. அதனால் ரெஸ் (res) கோப்புறைக்குள் இருக்கும் ட்ராவபிள் (drawable) கோப்புறைதான் இதன் இடம். அங்கே அதே பெயரில் சாதாரண பிஎன்ஜியும் கிடந்தால், இரண்டும் ஒரே ரிசோர்ஸ் என்று பில்ட் நின்றுவிடும்.

கோடு போட்ட பிறகு படத்தின் அளவை மாற்றவே கூடாது. ஓரம் மங்கி அரைகுறை ஒளிபுகும் பிக்சல்கள் வந்தால் ஏஏபிடி ஏற்காது. ஒவ்வொரு திரை அடர்த்திக்கும் மூலப்படத்தை முதலில் ஏற்றுமதி செய்யுங்கள்: 8 டிபி (அடர்த்தியைச் சாராத அளவு) மூலை, எக்ஸ்ஹெச்டிபிஐ என்ற அடர்த்திக்கு 16 பிக்சல், அதைவிட அடர்ந்த எக்ஸ்எக்ஸ்ஹெச்டிபிஐக்கு 24. கோடு அதற்குப் பிறகுதான்.

முன்னோட்டம் சுருக்கிக் காட்டாது என்பது இன்னொரு குறை. நீளாத மூலைகளின் கூட்டு அளவைவிட வியூ (படத்தைப் பின்னணியாகக் கொண்ட திரைப் பகுதி) சின்னதாகப் போனால் மூலைகளே நசுங்கும். வியூவுக்குக் குறைந்தபட்ச அகலம், உயரம் கொடுத்துவிடுங்கள்.

வெறும் வளைந்த மூலையும் ஒற்றை நிறமும்தான் தேவையென்றால் இந்தப் பாடே வேண்டாம். வடிவத்தை எழுத்தாலேயே விவரிக்கும் ஷேப் எக்ஸ்எம்எல்லில் நாலு வரி போதும். நிழலோ வாலோ கைவேலைப்பாடோ உள்ள படங்களுக்கு மட்டும் இதைத் திறக்கலாம்.