தண்டையார்பேட்டை வீட்டில் மைன்கிராஃப்ட் சர்வர்: பொட்டி படுத்தவில்லை, மற்றதெல்லாம் படுத்தியது

பிளாக் பிளாக்காக அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டை, பல பேர் சேர்ந்து ஆடுவதற்கான சர்வரை வாடகைக்கு எடுக்காமல் வீட்டிலேயே ஓட்ட ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அக்கா பையனும் அவன் கூட்டாளிகளும்தான் ஆடுகிறார்கள். பெரம்பூர், ராயபுரம், காசிமேடு என்று ஆளுக்கொரு பக்கம் வீடு. சாயங்காலம் ஆனால் ஏழெட்டுப் பேர் உள்ளே இருப்பார்கள். கேள்விப்பட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று. இத்தனை நாளில் எனக்குத் தொல்லை கொடுக்காத ஒரே சாமான் அதுதான்.

ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மினி பிசி. ஆறாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி. லினக்ஸ் போட்டு அதன்மேல் பேப்பர் என்ற சர்வர் மென்பொருள். இந்த விளையாட்டின் முக்கிய வேலை எல்லாம் ஒரே த்ரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் ஓடுவதால், எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் கணக்கு. சர்வர் உலகத்தை ஒருமுறை நகர்த்துவது ஒரு டிக்: நொடிக்கு 20 டிக், டிக்குக்கு 50 மில்லிசெகண்ட். அதற்குள் வேலை முடியாவிட்டால் உடைத்த பிளாக் மறுபடி முளைக்கும், நடந்தவன் பின்னால் இழுக்கப்படுவான். இதற்குப் பாதி வைத்தியம் வியூ டிஸ்டன்ஸில், அதாவது ஆளைச் சுற்றி எவ்வளவு தூரம் காட்டுவது என்பதில் இருக்கிறது. அது 10 என்றால் ஓர் ஆளைச் சுற்றி 441 சங்க் (உலகத்தின் நிலத்துண்டு). 6 ஆகக் குறைத்தால் 169தான். பசங்க கொஞ்சம் முணுமுணுத்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். ஜாவாவுக்கு 6 ஜிபி கொடுத்திருக்கிறேன், இந்தக் கூட்டத்துக்குப் போதும்.

உண்மையான தலைவலி இன்டர்நெட். ரவுட்டரில் 25565 போர்ட்டை, அதாவது வெளியாட்கள் சர்வருக்குள் வரும் வாசலைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று வீடியோக்களில் சொல்வார்கள். எங்கள் தெருவுக்கு வரும் ஃபைபரில் அது செல்லாது. ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64-இல் ஆரம்பித்தது. அதாவது சிஜி-நாட்: பல வீடுகளுக்குச் சேர்த்து வெளியே ஒரே முகவரி. நம் வீட்டில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாராலும் வர முடியாது. கொஞ்ச நாள் டெயில்ஸ்கேலில் ஓட்டினோம், வெவ்வேறு வீட்டுக் கம்ப்யூட்டர்களை ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் மென்பொருள் அது. ஒவ்வொரு வீட்டிலும் அதை நிறுவிக் கொடுத்து, "அண்ணா, கனெக்ட் ஆவல" என்று ராத்திரி பத்து மணிக்கு வரும் போனுக்கெல்லாம் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன். கடைசியில் மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்து ஸ்டேட்டிக் ஐபி, அதாவது நம் வீட்டுக்கென்றே மாறாத ஒரு வெளி முகவரி வாங்கினேன். சர்வர் போட நினைப்பவர்கள் கம்ப்யூட்டருக்கு முன்னால் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று, வீட்டுக்குள் இருப்பவன் வெளி முகவரியைப் போட்டால் பல ரவுட்டர்களில் வேலை செய்யாது. அக்கா பையன் இங்கே வரும்போது மட்டும், வீட்டுக்குள் மட்டுமே செல்லும் 192.168 முகவரியைப் போடுகிறான். போனில் ஆடும் பசங்களுக்காக போன் பதிப்பை இந்தச் சர்வரோடு சேர்த்துவிடும் கெய்சர், ஃப்ளட்கேட் இரண்டு பிளகினும், யுடிபியில் 19132 போர்ட்டும். இவை போட்டதிலிருந்து ஆள் கூட்டம் இரட்டிப்பானது.

கரண்ட் கட்டைப் பற்றி தனியாகவே எழுதலாம். கரண்ட் போவது பிரச்சினை இல்லை, இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரம்தான் பிரச்சினை. ஃபேன் நிற்காது, பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும். உலகத்தைச் சேமித்துக்கொண்டிருக்கும்போது அப்படி ஆனால் உலகத்தின் ஒரு பகுதியை வைத்திருக்கும் ரீஜன் ஃபைல் கெட்டுப்போகலாம். ஒரு ஃபைலில் 32க்கு 32 சங்க் இருப்பதால் ஊரில் ஒரு மூலையே காலி. இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தது, அதைத் தட்டியதும் மாறும் நேரம் குறைந்தது. ரவுட்டருக்கு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இதெல்லாம் செல்லவில்லை. முதல் வேலையாகச் சர்வரை முறையாக நிறுத்தி, பிசியைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றினேன். அம்மா அரிசி மூட்டையை ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் ஏறியது.

கடல் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உப்புக்காற்று. ஒரு நாள் பிசி ஆன் ஆகி, ஸ்கிரீன் வராமல் நின்றது. ராமைக் கழற்றிப் பார்த்தால் தங்க நிறப் பற்களின்மேல் மங்கலாக ஒரு படலம். பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டுத் திரும்பச் சொருகியதும் சரியானது. இப்போது மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன்.

போர்ட்டைத் திறந்த சில நாளிலேயே லாகில் (சர்வரின் பதிவேட்டில்) தெரியாத பெயர்கள் வரும். எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை, திறந்த சர்வரைத் தேடிக்கொண்டே திரியும் ஸ்கேனர்கள் அவை. ஒயிட்லிஸ்ட் (உள்ளே வரலாம் என்று நாம் அனுமதித்தவர்களின் பட்டியல்) போடாமல் ஒரு ராத்திரிகூட விடாதீர்கள். அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள், 2021 டிசம்பரில், சர்வர் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே மென்பொருளின் ஓட்டை வெளியானபோது, சாட்டில் ஒரு வரி தட்டினாலே சர்வரைப் பிடித்துவிட முடிந்தது. வெளியாள் அப்படி, உள்ளாள் வேறு ரகம். 1856இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனை, அந்தத் தூண் வரிசையோடு இரண்டு பையன்கள் விளையாட்டுக்குள் வாரக்கணக்கில் கட்டினார்கள். மூன்றாமவன் டிஎன்டி வெடி வைத்தான். ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் கோர்ப்ரொடெக்ட் பிளகின் போட்டிருந்ததால் யார், எப்போது என்று வந்துவிட்டது. ஒரே கமாண்டில் தூண்கள் திரும்ப நின்றன. சமாதானம்தான் அவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை.

கரண்ட் செலவு: சராசரி 25 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். ஏசி ஓடும் மாதங்களில் எங்கள் வீடு 500 யூனிட் எல்லையில்தான் நிற்கும், தாண்டினால் ஸ்லாப் மாறிவிடும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் நள்ளிரவு முதல் காலைவரை சர்வர் தானாக அணைந்துவிடும்படி வைத்திருக்கிறேன். அணையும் முன் உலகத்தின் நகல் ஒன்று பெரம்பூரில் அக்கா வீட்டு லேப்டாப்புக்குப் போய்விடுகிறது; அங்கே மூன்றாவது மாடி, தண்ணீர் ஏறாது.