வீட்டு பிளானைப் பரிசீலிக்கும் சேவை: எது வாங்கத் தகுந்தது, எது வேண்டாம்

புது வீட்டுக்கு ஒருவர் பிளான் வரைந்து கொடுத்துவிட்டார். அதை வரையாத இன்னொரு ஆர்கிடெக்டிடம் கட்டணம் கொடுத்துக் காட்டி, எங்கே இடிக்கும் என்று கேட்பதுதான் பிளான் பரிசீலனை. மூன்று விதமாகச் செய்து தருகிறார்கள். பிடிஎஃப் மீதே குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவது ஒன்று. வீடியோ அழைப்பில் பிளானைத் திரையில் வைத்து ஒரு மணி நேரம் பேசுவது இன்னொன்று. மூன்றாவது, பிளானையே திருத்தி வரைந்து தருவது.

முதல் இரண்டும் சேர்ந்து கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். எழுத்தில் வந்த குறிப்புகளை இரண்டு நாள் வீட்டில் எல்லோரும் படித்துவிட்டு, அதன் பிறகு அழைப்பில் பேசுவதே சரியான வரிசை. பேச்சு மட்டும் என்றால் பாதி மறந்துபோகும். திருத்தி வரைந்து தருவதை எடுத்த எடுப்பில் வாங்க வேண்டாம். பழைய பிளானில் என்ன தவறு என்பதே தெரியாமல் புது பிளான் ஒன்று கைக்கு வரும். அதில் உள்ள தவறுகளைப் பார்த்துச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்தச் சேவை காசுக்குத் தகுந்ததா என்பதை ஒரே விஷயத்தில் கண்டுபிடித்துவிடலாம். வருகிற குறிப்பில் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஹால் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும்’ என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். பரிசீலிப்பவர் பார்க்க வேண்டியது அறையின் அளவை அல்ல. சாமான்களைப் போட்ட பிறகு மிஞ்சும் இடத்தைத்தான் அவர் அளந்து சொல்ல வேண்டும்.

12 அடிக்கு 10 அடி படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். பிளானில் கட்டில் ஒன்று சும்மா வரைந்திருக்கும். பல பிளான்களில் அது நிஜக் கட்டிலைவிடச் சின்னது. 76 அங்குல அகலம், 80 அங்குல நீளம் உள்ள கிங் சைஸ் மெத்தை என்று வைத்துக்கொள்வோம். தலைமாட்டை 12 அடிச் சுவரில் வைத்தால் கால்மாட்டில் 40 அங்குலம் மிஞ்சும். அந்தப் பக்கச் சுவரில் 24 அங்குல ஆழத்தில் அலமாரி வந்தால் நடக்கக் கிடைப்பது 16 அங்குலம். 18 அங்குல அகலக் கதவு வைத்த அலமாரியை முழுதாகத் திறக்கக்கூட முடியாது. தலைமாட்டை 10 அடிச் சுவருக்கு மாற்றினால் அலமாரிக்கு முன்னால் 40 அங்குலம் கிடைக்கிறது. ஆனால் கட்டிலின் இரு பக்கமும் 22 அங்குலம்தான். போர்வை மடிப்பதற்கே சிரமமான இடைவெளி அது. குவீன் சைஸ் மெத்தை 60 அங்குல அகலம் என்பதால் அதே அறையில் பக்கத்துக்கு 30 அங்குலம் வந்துவிடும். நல்ல பரிசீலனை இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி, ‘கட்டிலைத் திருப்புங்கள், அதற்கு இந்தச் சுவரில் இருக்கும் ஜன்னலைப் பக்கச் சுவருக்கு நகர்த்துங்கள்’ என்று முடிக்கும். அளவு, காரணம், மாற்று மூன்றும் இருப்பதுதான் ஒரு குறிப்புக்கு இலக்கணம்.

படிக்கட்டில்தான் பரிசீலனைக்குக் கொடுத்த காசு முழுதாகத் திரும்பி வருகிறது. வழக்கமான தவறு இப்படி இருக்கும். தளத்துக்குத் தளம் உயரம் 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். படி ஒன்றுக்கு 7 அங்குல ஏற்றம் என்றால் 18 ஏற்றங்கள். நடுவில் லேண்டிங் என்ற சமதளம் வைத்துத் திரும்பும் படிக்கட்டில் ஒரு பக்கத்துக்கு 9 ஏற்றம், 8 மிதி; ஒன்பதாவது ஏற்றம் லேண்டிங்கிலேயே முடிந்துவிடும். கால் வைக்கும் மிதி 10 அங்குலம் என்றால் 80 அங்குலம். லேண்டிங்குக்கு 36, படி தொடங்கும் இடத்தில் நின்று திரும்ப இன்னொரு 36. மொத்தம் 152 அங்குலம். 12 அடி 8 அங்குலம். பிளானிலோ படிக்கட்டுக்கு 12 அடி நீளப் பெட்டிதான் வரைந்திருக்கும். 

குறைகிற 8 அங்குலத்துக்கு சைட்டில் என்ன நடக்கும்? எட்டு மிதிகளிலும் ஆளுக்கு ஒரு அங்குலம் வெட்டி 9 அங்குலமாக்கிவிடுவார்கள். ஏறும்போது தெரியாது. இறங்கும்போது பாதம் முழுதாகப் படியில் அடங்காது, அதன் நுனி விளிம்புக்கு வெளியே நிற்கும். வயதானவர்களும் கையில் குழந்தையோடு வருபவர்களும் இறங்க வேண்டிய படி அது. காகிதத்தில் 8 அங்குலம் நகர்த்த ஒரு கோடு போதும். கான்கிரீட் போட்ட பிறகு வழியே இல்லை.

அதே படிக்கட்டின் லேண்டிங்குக்கு அடியில் ஒரு சின்னக் கழிப்பறையை வரைந்திருப்பார்கள். மேலிருந்து பார்க்கும் பிளானில் அது அழகாகப் பொருந்தும். 9 ஏற்றத்துக்கு 63 அங்குல உயரம். அதில் லேண்டிங்கின் பருமன் 6 அங்குலம் போனால் உள்ளே 4 அடி 9 அங்குலம். நிமிர்ந்து நிற்க முடியாது. இதைப் பிடிக்க, வீட்டை மேலிருந்து கீழாக வெட்டியதுபோல் உயரங்களைக் காட்டும் செக்‌ஷன் வரைபடம் வேண்டும். படிக்கட்டு வழியாக வெட்டிய செக்‌ஷனைக் கேட்காமலே மாடி வீட்டு பிளானைப் பரிசீலித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

சமையலறையில் பார்க்க வேண்டியது நடைபாதை. இரண்டு பக்கமும் 24 அங்குல மேடை போட்ட 7 அடி அகல அறையில் நடுவே மிஞ்சுவது 36 அங்குலம். ஒருவர் வேலை செய்யலாம். இருவர் ஒருவரையொருவர் தாண்டிப் போக 48 வேண்டும். பல ஃபிரிட்ஜ்கள் மேடையைவிட ஆழமானவை, முன்னால் துருத்திக்கொண்டுதான் நிற்கும். குளியலறையில் கம்மோடின் மையக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலம் குறையாமல் இருக்கிறதா, கதவு உள்ளே திறந்தால் எதில் மோதும் என்று பார்த்திருக்க வேண்டும். மாடிக் கழிப்பறைக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். சாப்பாட்டு மேசை இருந்தால், 4 அங்குலக் கழிவுக் குழாய் அதன் தலைக்கு மேலே ஓடும், அதை மறைக்கக் கூரையைத் தாழ்த்த வேண்டும், தண்ணீர் விழும் சத்தமும் கேட்கும். வாஷிங் மெஷின் வைக்க இடமும் அதற்குக் குழாயும் வடிகாலும் விட்டுப்போவது ஆச்சரியப்படும் அளவுக்கு அடிக்கடி நடக்கிறது.

தூண்களை மெல்லிய சுவருக்குள் மறைத்து வரைவது இன்னொரு வகை ஏமாற்றம். நாலரை அங்குலச் சுவரில் 9 அங்குலத் தூண் வந்தால் மிச்சம் நாலரை அங்குலம் ஏதோ ஓர் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அலமாரிக்கென்று அளந்து வைத்த மூலையில்தான்.

இவ்வளவையும் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, நீங்கள் அனுப்புவது ஒழுங்காக இருக்க வேண்டும். கைபேசியில் சாய்வாக எடுத்த படத்தை அனுப்பினால் ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறுகியும் தெரியும். அதில் எதையும் அளக்க முடியாது. வரைந்தவரிடமிருந்தே 1:50 அல்லது 1:100 அளவில் பிடிஎஃப் வாங்குங்கள். அறைக்குள் எழுதிய அளவு சுவருக்கு உள்ளேயா, சுவரின் மையத்திலிருந்தா என்று கேட்டு எழுதிவிடுங்கள். கூடவே வடக்கு அம்புக்குறி, மனையின் எல்லை, தெரு எந்தப் பக்கம், பக்கத்துக் கட்டடம் எவ்வளவு தூரத்தில், தரை எந்தப் பக்கம் சரிகிறது ஆகியவை வேண்டும். வடக்கு தெரியாமல் ஜன்னலைப் பற்றிச் சொல்லும் எந்தக் கருத்தும் ஊகம்தான். எந்தப் படுக்கையறைச் சுவர் சாயங்கால வெயிலைக் குடித்துவிட்டு இரவில் வெப்பத்தை விடும் என்று அவரால் சொல்ல முடியாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், மாடி ஏற முடியாதவர் உண்டா, இரவில் வேலை பார்ப்பவர் உண்டா என்பதை நாலு வரியில் எழுதுங்கள். இப்போது இருக்கும் கட்டில், சோபா, மேசை ஆகியவற்றை டேப் வைத்து அளந்து பட்டியல் போடுங்கள். எதை மாற்றவே கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிக் குறிப்புகள் அதைச் சுற்றியே வரும்.

இவற்றையெல்லாம் கேட்காமலே வேலையைத் தொடங்குபவர் எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்புபவராக இருக்கலாம். நல்லவர் முதலில் கேள்விகளைத்தான் அனுப்புவார்.

சேவையை எடுப்பதற்கு முன் சில தவறுகளை நீங்களே பிடித்துவிடலாம். ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச மென்பொருளில் பிளான் படத்தைப் பின்னணியில் ஏற்றி, தெரிந்த ஒரு நீளத்தைக் கொடுத்தால் அளவு பொருந்திக்கொள்ளும். அதன் மேல் சுவர் வரைந்து, உங்கள் சாமான்களின் நிஜ அளவைப் போட்டு, உள்ளே நடந்து பார்க்கலாம். அதைவிட எளிது, காலி இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஓர் அறையை முழு அளவில் கோடு போட்டு, அட்டைப் பெட்டிகளைக் கட்டிலாக வைத்துச் சுற்றி வருவது. 22 அங்குலம் என்றால் என்ன என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

பரிசீலனையில் வராதவை எவை என்றும் தெரிந்திருக்க வேண்டும். தூண், பீம், அஸ்திவாரம் தாங்குமா என்பது கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. உள்ளாட்சி விதிப்படி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு உங்கள் ஊர் விதியை அறிந்தவரே பதில் சொல்ல வேண்டும். ‘இந்தச் சுவரை எடுத்துவிடுங்கள்’ என்று குறிப்பு வந்தால், அதன் மேல் மாடிச் சுவர் ஏறுகிறதா என்று பொறியாளர் பார்க்கும்வரை அது வெறும் யோசனைதான்.

எப்போது கொடுப்பது என்பதில் தயக்கமே வேண்டாம். அறைகளின் அமைப்பு ஓரளவு முடிவான பிறகு, பொறியாளர் தூண்களைக் கணக்கிடுவதற்கும் அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கும் முன். தூண்கள் நிலைத்துவிட்டால் கதவு, ஜன்னல், மேடை இவற்றைத்தான் நகர்த்த முடியும். அதற்கும் முழுக் கட்டணம் கொடுப்பது வீண்.

வரைந்தவரிடம் இதை மறைக்காதீர்கள். இன்னொருவரிடம் காட்டப் போகிறேன் என்று முன்பே சொல்லி, குறிப்புகள் வந்ததும் ‘கட்டாயம் திருத்த வேண்டியவை’, ‘முடிந்தால் செய்யலாம்’, ‘எங்கள் விருப்பம்’ என்று பிரித்து அவரிடமே கொடுங்கள். சில குறிப்புகளுக்கு அவரிடம் நியாயமான பதில் இருக்கும். ஜன்னலை அங்கே வைக்காததற்குக் காரணம் ஒரு பீமாக இருக்கலாம். திருத்தம் அவர் கையால்தான் நடக்க வேண்டும். படிக்கட்டை 8 அங்குலம் நீட்டினால் பக்கத்துக் குளியலறை அதே 8 அங்குலம் சுருங்கும். கம்மோடுக்கு இருந்த 15 அங்குலம் போய்விடலாம்.

அதனால் திருத்திய பிளானை மறுபடி ஒருமுறை பார்த்துத் தருவது கட்டணத்தில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். அடங்காது என்றால், அதற்குத் தனியாகக் கொடுத்தாவது செய்யுங்கள். இரண்டாவது பார்வை முடிந்ததும் பிளானில் தேதியும் திருத்த எண்ணும் போடச் சொல்லி, மேஸ்திரியிடம் இருக்கும் பழைய பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.