பிஎஸ்ஏ ரிப்போர்ட் அன்றே வந்தது, பேசத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது

இந்த முறை ஊருக்குப் போனபோது பெரும்பாலான நாட்கள் லேபுக்கும் ஸ்கேன் சென்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைவதிலேயே போனது. அப்பாவுக்கு 68 வயது. சித்தப்பா அவருக்கு இளையவர். இருவருக்குமே புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய். அப்பாவுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, சித்தப்பாவுக்கு எலும்புக்குப் பரவிய பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து போனில் மட்டும் அப்பாவின் உடம்பை விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் வசிக்கும் நாட்டில் குடும்ப மருத்துவரைப் பார்த்து, அவர் கடிதம் எழுதி, சிறுநீர்ப் பாதை மருத்துவரான யூராலஜிஸ்டிடம் தேதி கிடைப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஊரில் காலையில் ரத்தம் கொடுத்தோம், சாயங்காலம் ரிப்போர்ட் போனுக்கே வந்துவிட்டது. எம்ஆர்ஐ எடுக்க மறுநாளே இடம் கிடைத்தது. ரத்தம் எடுத்தவரிலிருந்து ஸ்கேன் அறை டெக்னீஷியன் வரை எல்லோரும் அப்பாவிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள். வேகத்திலும் கருவிகளிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. அப்பா எடுத்துக்கொண்டது முழு உடல் பரிசோதனை. அந்தத் தொகுப்பில் சர்க்கரை, கொழுப்போடு, புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பிஎஸ்ஏவும் சேர்ந்தே இருந்தது. அது எதற்கான பரிசோதனை, அதிகமாக வந்தால் அடுத்து என்னவெல்லாம் நடக்கும் என்று ரத்தம் எடுக்கும் முன் யாரும் அவரிடம் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் 11.2 என்று தடித்த எழுத்தில் இருந்தது, பக்கத்திலேயே 4 வரைதான் இயல்பு என்ற குறிப்பும் இருந்தது. அதை வைத்து விளக்கம் கேட்கப் போனால், அங்கிருந்த மருத்துவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பயாப்ஸி பண்ணிடலாம், நாளைக்கே அட்மிட் ஆகுங்க" என்றார். சுரப்பியிலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பதுதான் பயாப்ஸி. அப்பா அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை.

அப்பாவுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்து மாத்திரை சாப்பிட்டிருந்தார். அதை அந்த மருத்துவர் கேட்கவே இல்லை. சிறுநீர்த் தொற்று பிஎஸ்ஏவை நன்றாக ஏற்றிவிடும், இறங்குவதற்கு ஆறு வாரம் போல ஆகலாம். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தாலும், பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்களில் விந்து வெளியேறியிருந்தாலும், நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டியிருந்தாலும் அளவு கூடலாம். இதற்கு நேர்மாறாக, புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகக் காட்டும். அதாவது 3 என்று வந்தால் அதை 6 என்று நினைத்துப் பார்க்க வேண்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் இந்த எண்ணைப் படிக்கவே கூடாது.

அப்புறம் விசாரித்து வேறொரு யூராலஜிஸ்டைப் பார்த்தோம். டோக்கன் வாங்கி நெடுநேரம் காத்திருந்தாலும், உள்ளே போனதும் அவசரமே காட்டவில்லை. இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், முக்க வேண்டியிருக்கிறதா, முழுவதும் போகவில்லை என்று தோன்றுகிறதா என்று கேட்டு மதிப்பெண் போட்டார். நான்கைந்து முறை எழுவதாக அப்பா சொன்னார். எங்கள் வீட்டில் யாருக்குமே இது தெரியாது. வயதானால் அப்படித்தான் என்று அவராகவே முடிவு செய்து, வருடக்கணக்கில் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அந்த மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறம் படம் வரைந்து காட்டியது இன்னும் என்னிடம் இருக்கிறது. சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் உட்பகுதி பெருத்தால்தான் இந்த இரவுத் தொல்லையெல்லாம் வரும். அது புற்றுநோய் இல்லை. புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குகிறது, அதனால் ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தராது. சிறுநீர் நன்றாகப் போகிறது என்பதால் ஒருவருக்குப் புற்றுநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, சரியாகப் போகவில்லை என்பதால் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பிஎஸ்ஏ கூடுதலாக வந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை என்றும் அவர்தான் சொன்னார். அப்பாவின் முகம் தெளிந்தது அப்போதுதான்.

ஆசனவாய் வழியாக விரலை விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு அப்பா தயங்கினார். ஒரு நிமிடம் கூட ஆகாது என்று சொல்லி, அனுமதி கேட்டு, திரை போட்டுச் செய்தார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். தாம்பத்தியம் பற்றி மகன் எதிரில் கேட்டால் பதில் வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் அந்தப் பயணத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த சேவை இதுதான்.

தொற்று முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி எடுத்தபோது பிஎஸ்ஏ 7.1. இறங்கியிருந்தாலும் விட்டுவிடக் கூடிய அளவு இல்லை. நேரே பயாப்ஸி ஊசி போடாமல் முதலில் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். சந்தேகமான இடம் எங்கே என்று தெரிந்தால் பயாப்ஸி ஊசியை அங்கேயே செலுத்தலாம், ஒன்றும் தெரியாவிட்டால் பலருக்கு ஊசியே தேவைப்படாது. அப்பாவின் எம்ஆர்ஐயில் ஒரு இடம் சந்தேகத்துக்குரியதாக இருந்தது. ஐந்துக்கு நான்கு என்று மதிப்பிட்டிருந்தார்கள். பயாப்ஸியை மலக்குடல் வழியாகச் செய்யாமல், விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாகச் செய்தார்கள். கிருமி தொற்றும் வாய்ப்பு இதில் குறைவு. ரிசல்ட்டில், நோயின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 3+3. புற்றுநோய்தான், ஆனால் மிக மெதுவாக வளரும் வகை.

குடும்பத்தில் பெரிய வாக்குவாதம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். உடனே ஆபரேஷன் வேண்டாம், கண்காணிப்பில் வைத்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். கேன்சர் என்று தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருப்பதா என்று அத்தை அழுதார். ரோபோ அறுவை சிகிச்சை செய்யும் இடத்தின் விளம்பரத்தை மாமா அனுப்பினார். அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வைப் பற்றி மருத்துவர் சொன்னதையும் கேட்டிருந்தேன். பரவாத நிலையில் இருந்த 1,643 ஆண்களில் சிலருக்கு அறுவை, சிலருக்குக் கதிர்வீச்சு, சிலருக்குக் கண்காணிப்பு. பதினைந்து வருட முடிவுகள் 2023இல் வந்தன. எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் 2 முதல் 3 சதவீதம்தான், பிரிவுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியது கூடுதல்தான், 9 சதவீதத்துக்குச் சற்று மேல். மற்ற இரண்டிலும் 5 சதவீதம் போல. அதனால்தான் அப்பாவைப் போலக் குறைந்த அபாயம் உள்ளவரை மட்டும், தவறாமல் பரிசோதனைக்கு வருவார் என்றால் மட்டும், இப்படி வைப்பது. அறுவைக்குப் பின் சிறுநீர் கசிவும் விறைப்புத்தன்மைக் குறைவும் வரலாம், கதிர்வீச்சுக்குப் பின் மலக்குடல் தொந்தரவு வரலாம். இதையெல்லாம் கேட்டபின் அப்பாவே முடிவெடுத்தார். அவர் உடம்பு, அவர்தான் எடுக்க வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன்.

சித்தப்பாவின் கதை மனதை உறுத்துகிறது. மாதக்கணக்கில் முதுகுவலி என்று தைலம் தடவியிருக்கிறார், வலி மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், டிஸ்க் பிரச்சினை என்று பெல்ட் போட்டிருக்கிறார். பிஎஸ்ஏ பார்த்தபோது 300ஐத் தாண்டியிருந்தது. எலும்பு ஸ்கேனில் இடுப்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது தெரிந்தது. வயதான ஆணுக்கு விடாத முதுகுவலி, அதுவும் இரவில் கூடுகிற வலி இருந்தால், இதையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கால் மரத்துப் போவது, நடை தள்ளாடுவது, திடீரென்று சிறுநீர் போகாமல் நிற்பது எல்லாம் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்த நோய் அடங்கும் என்று 1941இலேயே சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார், அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றைக்கும் அடிப்படை சிகிச்சை அதுதான். சித்தப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோனைக் குறைக்கும் ஊசி, கூடவே தினமும் அதை மேலும் குறைக்கும் அபிராடெரோன் மாத்திரையும், அதோடு சேர்த்துத் தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும். சில வாரங்களிலேயே வலி வெகுவாகக் குறைந்தது. ஆனால் பக்கவிளைவுகளை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பதைக் காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் விழுங்கிக்கொண்டிருந்தார். எலும்பு தேய்வதையும் ரத்த அழுத்தம், பொட்டாசியம், ஈரல் அளவுகளையும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது நான் கேட்டபிறகுதான் அவர் ஃபைலில் எழுதப்பட்டது.

அப்பாவின் நண்பர் ஒருவர், புரோஸ்டேட்டுக்கு நல்லது என்று அடுத்த முறை வைட்டமின் ஈ, செலினியம் மாத்திரை வாங்கிவரச் சொன்னார். வேண்டாம் என்று அன்போடு சொன்னேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய செலக்ட் ஆய்வில் செலினியத்தால் பலன் தெரியவில்லை. வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது 2011இல் தெரியவந்தது. புகையை விடுவது, எடையைக் குறைப்பது, நடப்பது எல்லாம் உடம்புக்கு நல்லவைதான். இந்த நோயை உறுதியாகத் தடுக்கும் மாத்திரை என்று எதுவும் கிடையாது.

பிஎஸ்ஏவை எல்லோரும் எடுத்தே ஆகவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழு 2018இல் சொன்னது, 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் நன்மை தீமைகளை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யட்டும், 70க்கு மேல் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று. அப்பா, அண்ணன், தம்பிக்கு இருந்தால் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல், அதனால் பேச்சையும் முன்பே தொடங்க வேண்டும். அந்தப் பேச்சுக்கு நல்ல மருத்துவர் கிடைப்பதுதான் பரிசோதனையைவிட அரிதாக இருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது சிறுநீர் எளிதாகப் போக டாம்சுலோசின் மாத்திரை, இரவில் ஒன்றிரண்டு முறைதான் எழுகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, ஒரு வருடத்தில் மறுபடி எம்ஆர்ஐயும் பயாப்ஸியும். எல்லா ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வைத்து, பிரதி ஒன்றை என் போனிலும் ஏற்றிக்கொண்டேன். குடும்பத்தில் இரண்டு பேருக்கு இருப்பதால் என்னையும் தம்பியையும் 45 வயதிலேயே பேசத் தொடங்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது, திரும்பி வந்த வாரமே என் மருத்துவரிடம் தேதி வாங்கிவிட்டேன். தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் அடுத்த முறை அப்பாவோடு போக வேண்டும்.