டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு (2014): மந்திரப் பொருள்களைப் படைக்க எவ்வளவு உதவும்?

வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடி அறையில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் கூடி, ஆளுக்கொரு கதைமாந்தராகிப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் (டிஎம்) பொறுப்பு நான்கு ஆண்டுகளாக என்னுடையது. இந்த நான்கு ஆண்டுகளில் நான் அதிகம் புரட்டிய நூல், அந்தப் பொறுப்புக்கான கையேடான டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு. அதிலும் புதையலையும் மந்திரப் பொருள்களையும் பேசும் ஏழாம் அத்தியாயத்தின் பக்கங்கள்தான் என் பிரதியில் ஓரம் கறுத்துக் கிடக்கின்றன. 2024-இல் இந்நூலுக்குத் திருத்திய பதிப்பு வந்துவிட்டது. எனினும் எங்கள் மேசையில் இன்னும் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பே இருப்பதால், அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். என் கேள்வி ஒன்றுதான்: சொந்தமாக ஒரு மந்திரப் பொருளைப் படைக்க விரும்பும் டிஎம்முக்கு இந்த 320 பக்க நூல் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

நூல் பொருள்களைக் காமன், அன்காமன், ரேர், வெரி ரேர், லெஜண்டரி என்று, எளிதில் கிடைப்பதிலிருந்து மிக அரியது வரை, அருமையின் வரிசையில் அடுக்குகிறது. இவற்றுக்கு அப்பால் ஆர்ட்டிஃபாக்ட் எனப்படும் தனிப்பிறவிகளும் உண்டு. தாக்குதலுக்கு 1 கூட்டித் தரும் வாள் அன்காமன், 2 கூட்டினால் ரேர், 3 கூட்டினால் வெரி ரேர். அத்துடன், சில பொருள்களோடு ஆள் மனம் ஒன்றினால்தான் அவற்றின் ஆற்றல் வெளிப்படும் என்னும் அட்யூன்மென்ட் விதியும், ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களோடு மட்டுமே அப்படி ஒன்ற முடியும் என்னும் வரம்பும் உள்ளன. இந்த வரம்பு மிக நல்ல ஏற்பாடு. நான்காவது பொருள் கிடைத்தவுடன் எதை விடுவது என்று ஆட்டக்காரர் தவிக்கும் தவிப்பே பல நாள்களில் எங்களுக்கு நல்ல காட்சிகளைத் தந்திருக்கிறது.

ஆனால் அருமையின் வரிசையை அப்படியே நம்பிவிடக் கூடாது. பறக்கும் துடைப்பம் அன்காமன். அதற்கு அட்யூன்மென்டும் தேவையில்லை, நேர வரம்பும் இல்லை. சிறகுகளாக விரியும் மேலங்கி ரேர். அது அட்யூன்மென்டும் கேட்கிறது, ஒரு மணி நேரம் பறந்த பிறகு சில மணி நேரம் ஓயவும் வேண்டும். ஒரு முறை குடித்தால் தீர்ந்துபோகும் பறக்கும் மருந்தோ வெரி ரேர். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் புதிய டிஎம் குழம்பத்தான் செய்வார். விலையிலும் இதே சிக்கல்: ரேர் பொருளின் மதிப்பு 501 முதல் 5,000 பொற்காசு வரை என்று சொல்லிவிட்டு நூல் நகர்ந்துவிடுகிறது. முதல் ஆண்டில் அந்தத் துடைப்பத்தை ஒரு சிற்றூர்க் கடையில் விற்பனைக்கு வைத்த பிறகு, நான் வாரக்கணக்கில் எழுதி வைத்திருந்த மலைக்கோட்டை முற்றுகை அரை மணி நேரத்தில் முடிந்துபோனது.

பொருள்களின் பட்டியல் நெடியது. அவற்றுள் சில, வடிவமைப்புக்கே பாடமாக வைக்கத் தக்கவை. வெளித்தோற்றத்தைவிடப் பெரிய மாய வெளியை உள்ளே கொண்ட பேக் ஆஃப் ஹோல்டிங் என்னும் பையை எடுத்துக்கொள்ளுங்கள். 64 கன அடி கொள்ளும். 500 பவுண்டு வரை தாங்கும். எவ்வளவு நிரப்பினாலும் அதன் எடை 15 பவுண்டுதான். மூச்சு விடும் ஓர் உயிர் உள்ளே பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும். அதே போன்ற இன்னொரு மாய வெளிக்குள் பையை வைத்தால் இரண்டும் அழிந்து, அருகில் இருப்பவர்களை வேற்றுலகுக்கு உறிஞ்சிச் செல்லும் வாயில் திறக்கும். சண்டைக்கு ஓர் எண்ணைக்கூடக் கூட்டித் தராத பொருள் இது. ஆயினும் ஆட்டக்காரர்களின் மூளையை இதைப் போல வேலை வாங்கும் வாள் எதையும் நான் கண்டதில்லை.

நூலின் உண்மையான செல்வம், பட்டியல் தொடங்குவதற்கு முன் வரும் நான்கு சிறு அட்டவணைகளில் இருக்கிறது. பொருளை யார் செய்தார், அதன் வரலாற்றில் நடந்தது என்ன, அதற்குள்ள சிறு தன்மை எது, அதன் விசித்திரக் குணம் எது என்னும் நான்கு கேள்விகளுக்குப் பகடை உருட்டி விடை காணலாம். வடக்குத் திசையைக் காட்டும் வாள், தனக்குள் முணுமுணுக்கும் கேடயம் போன்றவை இங்கிருந்தே பிறக்கின்றன. இவை ஏன் இவ்வளவு பயன்படுகின்றன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மணிமேகலையின் அமுதசுரபி நினைவுக்கு வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத உணவு என்பது அதன் ஆற்றல்; ஆனால் அதை மறக்க முடியாததாக்குவது அந்த ஆற்றல் மட்டும் அன்று. முதலில் அது ஆபுத்திரன் கையில் இருந்தது. நாடு செழித்துப் பசித்தவரே இல்லாமல் போனபோது பயனற்றுப்போனது. மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்ட அவன் அதைக் கோமுகிப் பொய்கையில் இட்டான். அதன்பின் ஆண்டுக்கு ஒரு நாள், வைகாசி விசாகத்தில் மட்டும், அது நீருக்கு மேலே வந்தது. மணிமேகலை கைக்கு வந்த பின்னும் ஆதிரை இட்ட முதல் பிச்சைக்குப் பிறகே அது சுரக்கத் தொடங்குகிறது. வைத்திருந்தவர், வரலாறு, நிபந்தனை, குணம் எல்லாம் அதில் பொருந்தி நிற்கின்றன.

அந்த அட்டவணைகளைக் கொண்டு நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு துறைமுகச் சுங்க அதிகாரியின் சுண்ணாம்புக் கரண்டகம் அது. அதிலிருந்து எடுத்த சுண்ணாம்பைக் கதவு நிலையில் தடவினால், கடன் பட்டவர் எவர் கண்ணுக்கும் அந்தக் கதவு தெரியாது. நாளுக்கு மூன்று முறை பயன்படுத்தலாம், விடியலில் மீண்டும் நிறையும் என்னும் அளவை நூலின் வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். துரத்தி வந்த காவலர்களுக்கு எதிராக அதை முதன்முறை பயன்படுத்தியபோது, எங்கள் குழுவின் திருடனுக்கே கதவு தெரியவில்லை. இரண்டு ஊருக்கு முன்னால் ஒரு சத்திரக்காரியிடம் அவன் பத்துக் காசு பாக்கி வைத்திருந்தான். "அண்ணா, நான் திரும்பிப் போய்க் காசைக் கொடுத்துட்டு வந்துடறேன், அப்ப தெரியும்ல?" என்று திருடனாக ஆடும் தம்பி கேட்டார். அடுத்த மூன்று ஞாயிறும் அந்தப் பயணத்திலேயே கழிந்தன.

இத்தகைய பொருளைப் படைக்கும் முறையை நேரடியாகச் சொல்லும் பகுதி ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. இருக்கும் பொருளைச் சற்று மாற்றுவதே எளிய வழி என்றும், குழுவினர் கைமாற்றிக் கைமாற்றிப் பயன்பெற்றால் ஆட்டம் கெடும் என்று தோன்றினால் அட்யூன்மென்ட் வையுங்கள் என்றும் அது தரும் அறிவுரைகள் சரியானவை. ஆனால் அவை மிகச் சுருக்கம். நிபந்தனையை எப்படி அமைப்பது, குறை எப்போது சுவையாகும், எப்போது வெறும் தண்டனையாகிவிடும் என்பவை பற்றி இன்னும் நான்கு பக்கமாவது எழுதியிருக்க வேண்டும்.

2014-இல் வெளிவந்தபோது நூலின் அமெரிக்க விலை 49.95 டாலர், கல்லூரி மாணவர்களுக்கு அது பெரும் தொகை. பொருள்களின் விவரங்களில் பெரும்பகுதி 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எனவே பட்டியலுக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம். சொந்தமாகப் படைக்கும் ஆசை உள்ளவர்கள், குழுவாகக் காசு சேர்த்து ஒரு பிரதி வாங்கலாம். வாங்கியதும் அந்த நான்கு அட்டவணைகளில் தொடங்குங்கள். விலைப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.