மதுரை நாகமலைப் பாறைக்குப் பழைய புல்லட்டா, புதிய புல்லட்டா?

டிரையல்ஸ் என்பது வேகப் பந்தயம் அன்று; பாறையிலும் ஓடைப்படுகையிலும் காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியை நகர்த்திச் செல்லும் பொறுமைப் போட்டி. ஆங்கிலேய வீரர் ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸ் போட்டியை வென்றது ராயல் என்ஃபீல்டில்தான்.

அந்த வழியில் வந்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டின் 346 சிசி உருளையில் பிஸ்டன் 90 மி.மீ. நீளம் ஏறி இறங்குவதாலும், எஞ்சினின் சுழற்சியைத் தக்கவைக்கும் ஃபிளைவீல் சக்கரம் கனமானதாலும், நாகமலைச் சரிவில் நடை வேகத்தில் உருட்டினாலும் எஞ்சின் எளிதில் அணைவதில்லை. தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட் இடைவெளியை வழியிலேயே ஒரு ஸ்குரூடிரைவரால் சரிசெய்துவிடலாம். ஆனால் வலக்கால் கியரும் இடக்கால் பிரேக்கும் புதியவரைத் தடுமாற வைக்கும். கிக்கர் திருப்பி உதைத்தால் கணுக்கால் பாடு சொல்லி மாளாது.

2023-இல் வந்த 349 சிசி புல்லட், 2020-இல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 மாசு விதிக்கு ஏற்ப எரிபொருள் இன்ஜெக்ஷனுடனும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்குடனும் வருகிறது; 20.2 குதிரைத்திறன் நத்தம் சாலைக்கோ கொடைக்கானல் ஏற்றத்துக்கோ தாராளம். எனினும் 195 கிலோ எடையைப் பாறை இடுக்கில் திருப்புவது பெரும்பாடு; இன்ஜெக்ஷனுக்கான சென்சார் பழுதானால் ஸ்குரூடிரைவருக்கு அங்கே வேலையில்லை. தினசரிப் பயணத்துக்குப் புதியதையே வாங்குவேன். நாகமலைக்குப் பழையதைத்தான் உருட்டிச் செல்வேன்.